பைக்கில் சார்ஜர் சாக்கெட் வைக்கப் போகிறீர்களா? ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள்

என் வண்டியில் முதன்முதலாக மொபைல் சார்ஜர் மாட்டியபோது பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடை வாசலிலேயே ஒரு பையன் சீட்டைக் கழற்றி, பேட்டரியில் இரண்டு வயரைக் கொடுத்து, மீதியை டேங்குக்கு அடியில் நுழைத்து, ஹேண்டில்பாரில் சார்ஜரை இறுக்கிவிட்டான். பொருளும் கூலியும் சேர்த்து முந்நூறு ரூபாய். நீல விளக்கு எரிந்தது, போனில் சார்ஜ் ஏறியது, எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தப் பொங்கலுக்கு வண்டியை விட்டுவிட்டு ஊருக்குப் போய், பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பினேன். செல்ஃப் அடித்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி பழசாகிவிட்டது போலிருக்கிறது என்று புதிது வாங்கிப் போட்டேன். நான்கு மாதம் போனது. ஒரு நாள் இரவு திண்டிவனம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது ஹேண்டிலுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓரங்கட்டுவதற்குள் புகையே வந்துவிட்டது. ஸ்டியரிங் கழுத்தில் சிக்கித் தோல் உரிந்த சார்ஜர் வயர் ஃபிரேமைத் தொட்டிருக்கிறது. நடுவில் ஃபியூஸ் கிடையாது. பக்கத்தில் ஓடிய வண்டியின் சொந்த வயர்களையும் சேர்த்து உருக்கிவிட்டது. வயரிங் செட், கூலி எல்லாமாக 4,200 ரூபாய் பழுத்தது. இரண்டு நாள் பஸ்ஸில் ஆபீஸ்.

இரண்டாவது முறை நானே உட்கார்ந்து செய்தேன். அதற்குப் பிறகு நண்பர்கள் வண்டி மூன்றுக்கும் செய்து கொடுத்தாகிவிட்டது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், நீங்களும் செய்யலாம். கடையில் கொடுத்தாலும் பரவாயில்லை, என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் சரி.

1. கடைக்குப் போகும் முன் மேனுவலைத் திறங்கள்

வண்டியிலேயே இதற்கு வழி விட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350, 2021இல் வந்த புதிய கிளாசிக் 350 போன்றவற்றில் யு.எஸ்.பி. பாயிண்ட்டைக் கம்பெனியே வைத்துத் தருகிறது. கே.டி.எம். 390 ட்யூக்கில் ஏ.சி.சி.1, ஏ.சி.சி.2 என்று தனிக் கப்ளர்களே (வயரைச் சொருகி இணைக்கும் முனைகள்) உண்டு. ஒன்றில் எப்போதும் கரண்ட் இருக்கும், மற்றதில் சாவி போட்டால்தான் வரும். இப்படி ஏதாவது இருந்தால் கீழே சொல்வதில் பாதி வேலை உங்களுக்கு மிச்சம்.

அடுத்து வாரண்டி. வாரண்டிக் காலம் முடியாத வண்டியென்றால் அந்தப் புத்தகத்தில் எலக்ட்ரிக்கல் பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டு வேலையில் இறங்குங்கள். கம்பெனி வயரை வெட்டியோ சுரண்டியோ இணைப்பு எடுத்தால், பின்னால் வயரிங்கில் எந்தப் பழுது வந்தாலும் அதைக் காட்டியே கைவிரிப்பார்கள். கம்பெனி துணைப்பொருளாகவே சார்ஜர் விற்கிறார்கள் என்றால், விலை இரண்டு மடங்காக இருந்தாலும் வாரண்டி முடியும்வரை அதுவே நல்லது. சர்வீஸ் சென்டரில் மாட்டி, பில்லில் அந்தப் பொருளின் பெயரை எழுதச் சொல்லி வாங்கி வையுங்கள்.

ஆர்.டி.ஓ. பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சார்ஜர் அந்த விவரங்கள் எதையும் தொடுவதில்லை. இன்சூரன்ஸில் வேண்டுமானால் எலக்ட்ரிக்கல் துணைப்பொருள் என்று அறிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டலாம். ஆயிரம் ரூபாய் பொருளுக்கு நான் அதைச் செய்யவில்லை. ஃபாக் லைட், சார்ஜர், கேமரா என்று பத்தாயிரத்துக்கு மாட்டுகிறவர்கள் செய்வது புத்திசாலித்தனம். பில்லை மட்டும் யாராக இருந்தாலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. உங்களுக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும்?

போனில் மேப் ஓட வேண்டும், அவ்வளவுதானே? அப்படியானால் யு.எஸ்.பி. சார்ஜர் போதும். 18 வாட் வேகச் சார்ஜர் ஒன்று பேட்டரியிலிருந்து சுமார் ஒன்றரை ஆம்ப்ஸ் இழுக்கும். 35 வாட் ஹெட்லைட் எரிகிற வண்டிக்கு இது பெரிய சுமை அல்ல.

கார்களில் இருப்பதுபோல் உருண்டையான 12 வோல்ட் சாக்கெட், அதாவது சிகரெட் லைட்டர் சாக்கெட் வேண்டும் என்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். பெட்டியில் 120 வாட் என்று போட்டிருப்பான். சாக்கெட் தாங்கும் அளவு அது. உங்கள் வண்டி கொடுக்கும் அளவு அல்ல. 120 வாட் என்றால் 10 ஆம்ப்ஸ், மூன்று ஹெட்லைட்டுக்கும் மேல். நூறு, நூற்றைம்பது சிசி வண்டியில் அதை நெடுநேரம் இழுத்தால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் பேட்டரி இறங்கும். ஐடிலிங்கில் நிற்கும்போது சார்ஜிங் இன்னும் குறைவு.

டியூப்லெஸ் டயருக்குக் காற்றடிக்கும் குட்டி கம்ப்ரஸருக்காகத்தான் பலர் இந்தச் சாக்கெட்டைக் கேட்கிறார்கள். அதற்குச் சாக்கெட்டே வேண்டாம் என்பது என் கட்சி. கம்ப்ரஸரோடு முதலைவாய் கிளிப் வயர் வரும், அல்லது தனியாகக் கிடைக்கும். எஞ்சினை ஓடவிட்டு அதை நேராகப் பேட்டரியில் மாட்டிக் காற்றடித்துக்கொள்ளலாம். வருடத்துக்கு இரண்டு முறை வரும் வேலைக்காக ஹேண்டில்பார்வரை தடித்த வயர் இழுப்பானேன்?

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஏ.எச். (ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) எண்ணையும் பார்த்து வையுங்கள். சின்ன வண்டிகளில் 3, 4 என்று இருக்கும். இந்த எண் அடுத்த பகுதியில் வேண்டும்.

3. கரண்ட்டை எங்கிருந்து எடுப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதைத் தப்பாகச் செய்தால் எவ்வளவு விலை உயர்ந்த சார்ஜர் வாங்கினாலும் பயனில்லை. மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, நேராகப் பேட்டரி. எனக்கு அந்தப் பையன் செய்தது. சாவி எடுத்த பிறகும் சார்ஜருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அந்த நீல விளக்கும் வோல்ட் காட்டும் எண்களும் சும்மா எரிவதில்லை. சேர்த்து 10 மில்லி ஆம்ப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.24 ஏ.எச். பதினான்கு நாளுக்கு 3.36 ஏ.எச். 4 ஏ.எச். பேட்டரியில் மிச்சம் என்ன இருக்கும்? என் பொங்கல் கதை இதுதான். நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியிருக்கிறேன். தினமும் வண்டி எடுப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஊருக்குப் போய் வந்த அன்றுதான் தெரியும். இந்த வழியில்தான் போவேன் என்றால் சுவிட்ச் உள்ள சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் சுவிட்சை அணைக்க மறப்பீர்கள். நானும் மறந்தேன்.

இரண்டாவது, சாவி போட்டால் கரண்ட் வரும் வயர் ஒன்றில் இணைப்பு எடுப்பது. யு.எஸ்.பி. சார்ஜர் ஒன்றுக்கு மட்டும் என்றால் இது ஓடும். ஆனால் வண்டியின் சொந்த ஃபியூஸில் உங்கள் சுமையும் ஏறுகிறது. சார்ஜரில் ஏதாவது ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸ் போய், நடு ரோட்டில் வண்டியே நின்றுவிடலாம்.

மூன்றாவது, ரிலே. நான் செய்வதும் செய்யச் சொல்வதும் இதைத்தான். பேட்டரியிலிருந்து தனியாக ஒரு பாதை, அதற்குத் தனி ஃபியூஸ். அந்தப் பாதையைத் திறந்து மூடும் வாயிற்காவலன்தான் ரிலே. சாவி போட்டால் கரண்ட் வரும் வயரிலிருந்து ஒரு சின்ன சமிக்ஞையை ரிலேவுக்குக் கொடுத்தால், அது ‘டக்’ என்று திறந்து பேட்டரி கரண்ட்டை விடும். சாவி எடுத்தால் மூடிக்கொள்ளும். அந்தச் சமிக்ஞைக்கு 0.2 ஆம்ப்ஸ்கூட ஆகாது. வண்டியின் சொந்த வயரிங்குக்கு அந்தப் பாரம் தெரியவே தெரியாது.

சமிக்ஞை வயரை எங்கே பிடிப்பது? பெரும்பாலான வண்டிகளில் பின் பிரேக் சுவிட்சுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. அதற்கு இரண்டு வயர் போகும். ஒன்றில் சாவி போட்ட உடனே 12 வோல்ட் இருக்கும், மற்றதில் பிரேக் மிதித்தால்தான் வரும். நமக்கு முதல் வயர். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் தொட்டு, சிவப்பு முனையால் இரண்டையும் சோதித்துப் பாருங்கள். சாவியைப் போட்டு, எடுத்து, இரண்டு நிலையிலும் பாருங்கள்.

நிறத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். வீட்டு வயரிங் பழக்கத்தில் கறுப்பு என்றால் நெகட்டிவ் என்று நினைப்போம். ஹோண்டா வண்டிகளில் பச்சைதான் எர்த். கறுப்பு, சாவி போட்டால் கரண்ட் வரும் பாசிட்டிவ். அதை எர்த் என்று நினைத்து ஃபிரேமில் கொடுத்த ஒரு நண்பர், சாவி போட்டதும் ஃபியூஸ் போய் அரை மணி நேரம் விழித்துக்கொண்டு நின்றார்.

இன்னொரு பொறி பழைய சின்ன வண்டிகளில் உண்டு. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் ஹெட்லைட் பிரகாசமாகி, விட்டால் மங்குகிறதா? அப்படியானால் அந்த விளக்குக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வரவில்லை, எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் மேக்னட்டோவிலிருந்து நேராக ஏ.சி.யாக (மாறுதிசை மின்சாரமாக) வருகிறது. அந்த வயரில் சார்ஜரைக் கொடுத்தால் சார்ஜர் கெடும், ரிலேவைக் கொடுத்தால் வண்டு மாதிரி இரையும். ஹெட்லைட், டெயில் லைட் பக்கமே போகாதீர்கள். பிரேக் சுவிட்ச், ஹாரன், இண்டிகேட்டர் ஆகியவை பேட்டரியில் ஓடுபவை.

பி.எஸ்.6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இ.சி.யூ.வுக்கும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கம்ப்யூட்டர்) சென்சார்களுக்கும் ஃபியூயல் பம்ப்புக்கும் போகும் வயர்களில் கை வைக்கவே வேண்டாம். எது எந்த வயர் என்று சந்தேகம் வந்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். கேட்க ஐம்பது ரூபாய் ஆகும், அவ்வளவுதானே.

4. வாங்க வேண்டியவையும் என் பில்லும்

சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோட்டில் சார்ஜரும் ரிலேவும், ரிச்சி தெருவில் மல்டிமீட்டரும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும் (சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் குழாய்) கிடைத்துவிடும். இரண்டுக்கும் நடந்தே போகலாம், வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். மற்ற ஊர்களில் லாரி, ஆட்டோவுக்கு எலக்ட்ரிக்கல் சாமான் விற்கும் கடையில் எல்லாமே ஒரே இடத்தில் இருக்கும். பைக் அலங்காரக் கடையைவிட அங்கே வயர் தரமாகவும் விலை குறைவாகவும் கிடைக்கிறது என்பது என் அனுபவம்.

நான் கொடுத்த விலை இது:

யு.எஸ்.பி. சார்ஜர், ரப்பர் மூடியோடு: 650
நான்கு கால் ரிலே, சாக்கெட்டோடு: 160
வயரோடு வரும் ஃபியூஸ் ஹோல்டர்: 50
பிளேடு ஃபியூஸ் ஒரு பாக்கெட்: 60
சிவப்பு 5 மீட்டர், கறுப்பு 5 மீட்டர் வயர்: 200
லக்குகள் (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகத் துண்டுகள்): 40
ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்: 50
கேபிள் டை: 40
வயருக்கு மேல் போடும் நெளிவுக் குழாய்: 60

மொத்தம் 1,310 ரூபாய். மல்டிமீட்டர் 350, லக்கை வயரில் நசுக்கிப் பிடிக்கும் கிரிம்பிங் பிளையர் 400 தனி. அவை இரண்டும் வீட்டில் நிரந்தரமாகக் கிடக்கும் சாமான், இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

வயர் வாங்கும்போது ‘ஆட்டோ வயர்’ என்று கேளுங்கள். வீட்டு வயரிங்குக்கு வாங்கி மீந்து கிடப்பதை எடுக்காதீர்கள், அது விறைப்பாக இருக்கும், ஹேண்டில் திரும்பத் திரும்ப மடிந்து முறியும். மெல்லிய கம்பிகள் நிறைய உள்ள, வளைந்து கொடுக்கும் வயர் வேண்டும். யு.எஸ்.பி.க்கு 0.75 சதுர மி.மீ. போதும், நான் 1 போட்டேன். 12 வோல்ட் சாக்கெட் என்றால் 1.5.

ஃபியூஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், தாராளமும் வேண்டாம். யு.எஸ்.பி.க்கு 5 ஆம்ப்ஸ், அது பழுப்பு கலந்த மங்கல் நிறத்தில் இருக்கும். சாக்கெட்டுக்கு 10, சிவப்பு. சார்ஜரைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்றுகிறது. அடிக்கடி போகிறதே என்று 5 இருந்த இடத்தில் 20 போட்டால், ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிப் போடும் கலையும் நம்மூரில் உண்டு. அதைச் செய்யும் மெக்கானிக் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சார்ஜரில் நான் பார்ப்பது மூன்று: மூடி இறுக்கமாக மூட வேண்டும், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கிளாம்ப்பில் ஸ்குரூ இருக்க வேண்டும், சார்ஜரோடு வரும் வயர் கூந்தல் இழை மாதிரி இருக்கக் கூடாது. நீல விளக்கு எவ்வளவு அழகாக எரிகிறது என்பது எனக்குக் கணக்கில்லை. இரவில் அது கண்ணில் குத்தும், நான் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தேன்.

5. வேலையைத் தொடங்குவது

ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆரம்பியுங்கள். முதல் முறை எனக்கு மூன்றரை மணி நேரம் ஆனது, இப்போது ஒன்றே கால் மணி நேரத்தில் முடிக்கிறேன். மதியம் எங்காவது வண்டியில் போக வேண்டிய நாளில் கை வைக்காதீர்கள். அவசரத்தில்தான் டேப்பைச் சுற்றி முடித்துவிடத் தோன்றும்.

சீட், சைடு பேனல் கழற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ. ஸ்குரூக்களை இட்லித் தட்டில் குழி குழியாகப் போட்டு வைப்பேன், எது எங்கிருந்து வந்தது என்ற குழப்பமே இல்லை. பிறகு நன்றாகத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பேட்டரியில் முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் நெகட்டிவ் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. வரிசை மாறினால் தீப்பொறி பறக்கும். கை மோதிரம், உலோக வாட்ச் கழற்றிவிடுங்கள்.

6. வயர் போகும் பாதை

டேங்க்கைக் கழற்றினால் வேலை சுத்தமாக இருக்கும். பின்பக்க போல்ட்டை மட்டும் கழற்றிக் கொஞ்சம் தூக்கி, நீளமான கம்பியில் வயரைக் கட்டி இழுத்தும் செய்யலாம். வண்டியின் சொந்த வயர்க்கட்டு எந்த வழியாகப் போகிறதோ அதன் மேலேயே உங்கள் வயரையும் படுக்கவிட்டு, ஒரு சாண் இடைவெளியில் கேபிள் டை போடுங்கள். கம்பெனிக்காரன் யோசித்துப் போட்ட பாதை, சூடும் உரசலும் படாது. சிலிண்டர் ஹெட், சைலன்சர் பக்கம் போகவே கூடாது. முழு நீளத்துக்கும் நெளிவுக் குழாய் போட முடியாவிட்டால் ஸ்டியரிங் கழுத்துப் பகுதிக்காவது கட்டாயம் போடுங்கள்.

அந்தக் கழுத்தில்தான் என் வயர் எரிந்தது. ஆகவே டை இறுக்கும் முன் ஹேண்டிலை இடது கடைசிவரை திருப்புங்கள், வலது கடைசிவரை திருப்புங்கள், பத்து முறை. வயர் எங்காவது விண்ணென்று இழுபடுகிறதா, ஃபிரேமுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் நசுங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு விரல் நீளம் தளர்வு விட்டால் சரியாக இருக்கும். ரொம்பத் தளர்ந்தால் அதுவே போய்ச் சிக்கும்.

சார்ஜருக்குள் நுழையும் இடத்தில் வயர் கீழிருந்து மேலே ஏறும்படி வையுங்கள். மழைத் தண்ணீர் வயர் வழியாக ஓடி வந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும், சார்ஜருக்குள் போகாது.

7. ரிலேவின் நான்கு கால்கள்

ரிலேவின் அடியில் எண்கள் இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் விஷயம் இவ்வளவுதான்:

30: பேட்டரி பாசிட்டிவ், ஃபியூஸ் வழியாக.
87: சார்ஜரின் சிவப்பு வயருக்கு.
86: பிரேக் சுவிட்சில் கண்டுபிடித்த சமிக்ஞை வயர்.
85: பேட்டரி நெகட்டிவ்.

சார்ஜரின் கறுப்பு வயரையும் பேட்டரி நெகட்டிவ்வரை கொண்டு வாருங்கள். பக்கத்திலேயே ஃபிரேம் இருக்கிறதே என்று பெயிண்ட் மேல் ஒரு போல்ட்டில் கொடுத்தால் சில நாள் வரும், சில நாள் வராது. அந்த மாதிரிப் பழுதைத் தேடுவதைவிட இன்னொரு மீட்டர் வயர் மலிவு.

ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரிக்கு ஒட்டியே, ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உள்ள வயருக்குக் காவல் கிடையாது. ஹேண்டில்பார் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் டேங்குக்கு அடியில் ஓடும் முழு நீளமும் அநாதை. ஃபியூஸைக் கடைசிச் சோதனைவரை ஹோல்டரில் போடாதீர்கள்.

ரிலேவைச் சீட்டுக்கு அடியில், கால்கள் கீழே பார்த்தபடி கட்டுங்கள். தண்ணீர் தேங்காது.

8. இணைப்பு

இரண்டு வயரை உரித்து, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றுவது நமக்குக் கைவந்த கலை. சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் சீட்டுக்கு அடியில் அந்த டேப்பின் பசை ஒரு மாதத்தில் ஒழுகிவிடும். பேட்டரியில் மாட்டும் முனைகளுக்கு வளைய லக்கு, ரிலேவுக்குத் தட்டை லக்கு, இரண்டையும் கிரிம்பிங் பிளையரில் அழுத்துங்கள். அழுத்தியதும் பலமாக இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் இப்போதே வந்தது நல்லது. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை இணைப்பதற்கு முன்பே வயரில் கோத்துவிட வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் ஒன்றையாவது மறந்து மறுபடி வெட்டுகிறேன்.

சமிக்ஞை வயரில் இணைப்பு எடுக்க நீல நிறத்தில் ஒரு கவ்வி விற்கிறார்கள், வயரை வெட்டாமல் கவ்விப் பிடிக்கும். வசதிதான். ஆனால் அதன் தகடு உள்ளே சில கம்பிகளை அறுத்துவிடுகிறது, ஈரமும் புகுந்து பச்சை பூக்கிறது. அதைவிட பிரேக் சுவிட்சின் கப்ளருக்கு ஏற்ற ஆண், பெண் கப்ளர் ஜோடி வாங்கி, நடுவில் சொருகும்படி ஒரு குட்டி வயர் செய்துகொண்டால் கம்பெனி வயரைத் தொடவே வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் உருவிவிடலாம். வாரண்டி உள்ளவர்களுக்கு நான் இப்படித்தான் செய்து கொடுத்தேன். கப்ளர் ஜோடி நாற்பது ரூபாய்.

9. ஃபியூஸ் போடும் முன்னும் பின்னும்

பாசிட்டிவ், பிறகு நெகட்டிவ் மாட்டியாகிவிட்டதா? ஃபியூஸ் இன்னும் போடவில்லையே? சாவி போடுங்கள். ரிலே ‘டக்’ என்று சொல்ல வேண்டும். எடுங்கள், மறுபடி ‘டக்’. சொல்லவில்லை என்றால் 85, 86 இரண்டையும் பாருங்கள்.

இப்போது ஃபியூஸ். சாவி போட்டதும் சார்ஜர் விளக்கு எரிய வேண்டும், எடுத்ததும் அணைய வேண்டும். உடனே போனைச் சொருகாதீர்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து பேட்டரியில் வோல்ட் பாருங்கள். நிறுத்தியிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 காட்டும். கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் பதின்மூன்றரையிலிருந்து பதினான்கரைக்குள் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. 13ஐத் தொடவே இல்லை என்றால் சார்ஜிங் சரியில்லை. இரண்டுமே சார்ஜர் மாட்டியதால் வந்த பழுது அல்ல, ஆனால் சரி செய்யாமல் சார்ஜரைப் பயன்படுத்தாதீர்கள்.

கடைசிச் சோதனையைப் பலரும் செய்வதில்லை. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, பேட்டரிக்கும் அந்த வயருக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்ப்ஸ் அளவில் வையுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, சார்ஜர் ஃபியூஸைப் பிடுங்கி மறுபடி பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் சாக்கெட் திருடவில்லை. மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள். மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும். என் முதல் மீட்டர் அப்படித்தான் போனது.

10. கடையில் கொடுப்பதாக இருந்தால்

கூலியாக என்னிடம் கேட்டது 300 முதல் 500வரை. ரிலே போட்டுச் செய்யுங்கள், பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் வையுங்கள், லக்கு அடித்து ஸ்லீவ் போடுங்கள் என்று மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். “இதுக்கெல்லாம் ரிலே எதுக்கு சார், டைரக்ட்டா குடுத்துரலாம்” என்று சிரித்தால் அடுத்த கடையைப் பாருங்கள். பக்கத்திலேயே நின்று வயர் பாதையைப் பாருங்கள். டீ சாப்பிடப் போய்விடாதீர்கள், நான் போனேன்.

11. மாட்டிய பிறகு

போனை வழி பார்க்க மட்டும் வையுங்கள். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தமும், ஓட்டும்போது அதற்கு மட்டும்தான், அதுவும் கவனம் சிதறாதபடி என்றுதான் சொல்கிறது. ஹோல்டரில் அதிர்வு தாங்கும் ரப்பர் இருக்கட்டும். பைக் எஞ்சினின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது.

மழையில் சார்ஜ் போடாதீர்கள். வாட்டர்ப்ரூஃப் என்று பெட்டியில் எழுதியிருப்பது மூடி மூடியிருக்கும்போதுதான். கேபிள் சொருகியிருந்தால் மூடி திறந்துதானே இருக்கும். வாட்டர் வாஷுக்கு விடும்போதும் மூடியைப் பார்த்துவிட்டு விடுங்கள், அந்தப் பையன்கள் குழாயை நேராக ஹேண்டில் மீதுதான் பிடிப்பார்கள்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் சீட்டைத் திறந்து ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். லக்கு தளர்ந்திருக்கிறதா, கழுத்துப் பகுதியில் குழாய் தேய்ந்திருக்கிறதா, ஃபியூஸ் ஹோல்டர் தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் உள்ளே இணைப்பு சரியில்லை, ஹோல்டரையே மாற்றிவிடுங்கள். அப்படியே இரண்டு 5 ஆம்ப்ஸ் ஃபியூஸை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, டூல்கிட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். வண்டியின் சொந்த ஃபியூஸ் எத்தனை ஆம்ப்ஸ் என்று பார்த்து அதிலும் ஒன்று.